கட்டிலுக்கு வாடகை

சிறைக்கும் வாடகை உண்டு என்பது எங்களுக்கு நெடுநாள் தெரியாது.

2010 ஓகஸ்ட் 13ஆம் திகதி 'சன் சீ' கப்பலில் வன்கூவர்த் தீவுக்கு வந்து இறங்கிய 492 பேரில் நாங்கள் ஐந்து பேர். இப்போது ரொறன்ரோவில் இருக்கிறோம். மூன்று பேருக்கு ஒரே றெஸ்ரோறன்ற் குசினியில் வேலை. ஒருவன் வேறொரு இடத்தில் மா குழைக்கிறான். மற்றவன் சாப்பாட்டுப் பொதி கொண்டு கார் ஓடுகிறான். எழுதுகிற கை ஒன்றுதான், ஆனாலும் 'நாங்கள்' என்றே எழுத வருகிறது. கிட்டத்தட்ட மூன்று மாதம் ஒருவன் கால் மற்றவன் தலைமாட்டில் இருக்கப் படுத்து வந்தவர்களுக்கு 'நான்' என்று தொடங்குவது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

கரையில் இறக்கியதும் ஆண்களை ஒரு மாகாணச் சிறைக்குக் கொண்டு போனார்கள். எந்தச் சிறை என்று பெயர் எழுத வேண்டாம் என்று எங்களில் ஒருவன் கேட்டிருக்கிறான். அவனுடைய பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்களுக்கு அவன் சொல்லி வைத்திருக்கும் கதையில், அப்பா கனடாவுக்கு வந்து முதலில் ஒரு 'பெரிய ஹொஸ்டலில்' இருந்தவர். கிடக்கட்டும்.

அங்கே அடி உதை இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது. ஒரு காவலர் எங்களில் ஒருவனுக்கு ஆங்கிலத்தில் மாதங்களின் பெயரைச் சரியாக உச்சரிக்கப் பழக்கினார். பெப்ருவரி என்ற சொல் அவனுக்குக் கடைசிவரை வரவில்லை. ஆனால் பெப்ருவரி வந்தது, நாங்கள் உள்ளுக்கே இருந்தோம். அங்கே ஒரு குற்றத்துக்காக ஆறு மாதம் என்று வந்தவன் தன் நாளைச் சுவரில் எண்ணிக் கழித்தான். எங்களுக்குக் கழிக்க ஒரு தொகை இல்லை. 48 மணித்தியாலத்தில் ஒரு மீளாய்வு, பிறகு ஏழு நாளில், அதற்குப் பிறகு முப்பது நாளுக்கு ஒருக்கால். ஒவ்வொரு முறையும் அடையாளம் உறுதிப்படவில்லை என்பார்கள், அடுத்த முப்பது நாள் தொடங்கும். இன்றைக்கும் கனடாச் சட்டத்தில் குடிவரவுத் தடுப்புக்கு உச்ச எல்லை இல்லை. முப்பது நாளுக்கு ஒருக்கால் கேட்பார்கள், அவ்வளவுதான்.

முதலில் வெளியே வந்தவன் ஆறாம் மாதம். கடைசி ஆள் ஒன்பதாம் மாதம்.

வெளியே வந்த பிறகு இதைப் பற்றி நாங்கள் அதிகம் கதைத்ததில்லை. கதைத்தாலும் சட்டத்தைப் பற்றித்தான். எங்களைக் காட்டி ஒரு சட்டம் வந்தது என்பது தெரியும். 2010 ஒக்ரோபரில் சி-49 என்ற பெயரில் தொடங்கி, வேறு இலக்கங்களில் உருமாறி, 2012 யூனில் சி-31 ஆக நிறைவேறியது. அரசு 'குறித்துரைத்த' கூட்டமாக வந்தால் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும் கட்டாயமாகத் தடுத்து வைக்கலாம், முதல் மீளாய்வு 14 நாளில், அடுத்தது ஆறு மாதத்துக்கு ஒருக்கால். 2015 நவம்பரில் உச்ச நீதிமன்றம் எங்கள் கப்பல் வழக்குகளில் ஆட்கடத்தல் என்ற சொல்லுக்கு எல்லை போட்டபோது, எங்களில் ஒருவன் தீர்ப்பை அச்செடுத்து வந்து குசினியில் வைத்து வாசித்தான். எண்ணெய் பட்ட தாள் இன்னும் இருக்கிறது. ஆக, எங்களைப் பூட்டியதும் திறந்ததும் சட்டம் என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு கணக்குப் புத்தகம் இருந்ததை 2022 யூலையில்தான் கண்டோம்.

அந்த மாதம் 21ஆம் திகதி பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம், குடிவரவுக் காரணத்துக்காக மட்டும் பிடிக்கப்பட்டவர்களை இனித் தன் சிறைகளில் வைத்திருக்கப் போவதில்லை என்று அறிவித்தது. மாகாணத்தின் பொதுப் பாதுகாப்பு அமைச்சர் மைக் பார்ன்வர்த் சொன்ன காரணம், அந்த ஏற்பாட்டின் சில அம்சங்கள் மனித உரிமை நியமங்களோடு பொருந்தவில்லை என்பது. செய்தியை வாசிக்க வாசிக்கத்தான் 'ஏற்பாடு' என்ற சொல் உறைத்தது. சமஷ்டி அரசின் எல்லைச் சேவைகள் முகவரகம் மாகாணத்தோடு ஒரு ஒப்பந்தம் எழுதியிருக்கிறது. ஆட்களை மாகாணச் சிறையில் வைக்கும், ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று காசு கட்டும். ஒப்பந்தத்தை முறிக்க ஒரு வருட முன்னறிவித்தல் போதும். வீட்டு வாடகைக்கு அறிவித்தல் கொடுப்பது மாதிரித்தான்.

எங்களில் ஒருவன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தவன். படித்தவன் என்பதைவிடப் படிக்கத் தொடங்கியவன் என்பது சரி. 2009 முடிவில் கொப்பிகளை அறையிலேயே விட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து பாங்கொக்குக்குப் போனவன். அன்று இரவு வேலை முடிந்து, ஓடுகிற தண்ணீரில் கை வைத்தபடி அவன் சொன்னான்: "அப்ப எங்களுக்காக ஒவ்வொரு நாளும் ஆரோ காசு கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாங்கள். நாங்கள் ஓசியில இருக்கேல்லையடாப்பா."

சிரித்தோம். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் அறிவித்தல் வானத்தில் இருந்து விழுந்ததல்ல. 2021 யூனில் ஹியூமன் றைற்ஸ் வோச்சும் சர்வதேச மன்னிப்புச் சபையும் சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டிருந்தன. 2019 ஏப்ரலில் இருந்து 2020 மார்ச் வரையான ஒரே வருடத்தில் கனடாவில் 8,825 பேர் குடிவரவுத் தடுப்பில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் 1,932 பேர் மாகாணச் சிறைகளில். 2016இலிருந்து எண்ணினால் 300க்கு மேற்பட்டவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்கிறார்கள். அதற்கும் முன்பு, 2013 செப்ரெம்பரில், ஒன்ராறியோவின் லின்ட்சி சிறையில் 191 தடுப்புக் கைதிகள் உணவை மறுத்தார்கள். ரொறன்ரோவில் இருந்து லின்ட்சி ஒன்றரை மணித்தியால ஓட்டம். அந்த நேரம் நாங்கள் இங்கேதான் இருந்தோம், கார் வைத்திருந்தோம், ஒருநாளும் அந்தப் பக்கம் போகவில்லை. எங்களுடைய கேஸ் அப்போது முடியவில்லை என்பது ஒரு காரணம். பயம் என்பது சுருக்கமான காரணம்.

பிரிட்டிஷ் கொலம்பியாவைத் தொடர்ந்து நோவா ஸ்கோஷியா, அல்பேர்ட்டா என்று ஒவ்வொன்றாக அறிவித்தன. 2024 மார்ச்சில் பார்த்தால் பத்து மாகாணங்களும் விலகிவிட்டன அல்லது விலகுவதாகச் சொல்லிவிட்டன.  எல்லா மாகாணமும் அகதிமேல் இரக்கப்பட்டுத்தான் இதைச் செய்தன என்று நாங்கள் நம்பவில்லை. அவர்களில் சிலர் மற்ற விடயங்களில் என்ன சொல்கிறார்கள் என்று தினமும் கேட்கிறோம்தானே. ஆனாலும் நாடாளுமன்றத்தில் வருடக்கணக்காகக் கதைத்தும் அசையாத ஒன்று, வாடகைக்குத் தரமாட்டேன் என்ற ஒரு கடிதத்தோடு அசைந்தது.

இது எங்களுக்குப் புதிய பாடம் இல்லை என்று எங்களில் இருவர் சொன்னார்கள். அவர்கள் 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவர்கள். யுத்தம் முடிந்தபின் அந்த முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. பூட்டியது இலங்கை அரசு. தண்ணீருக்கும் தறப்பாளுக்கும் அரிசிக்கும் கணிசமான காசு வெளிநாட்டில் இருந்து வந்தது. உதவி செய்தால் பூட்டியவனுக்கு உதவி, செய்யாவிட்டால் உள்ளே இருக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் இல்லை. தொண்டு நிறுவனங்கள் அப்போது இதில்தான் தடுமாறின. 2009 ஒக்ரோபரில் பிரித்தானியா, உயிர்காக்கும் அவசர உதவி தவிர மூடிய முகாம்களுக்கு இனிப் பணம் இல்லை என்று சொன்னது. டிசெம்பர் 1ஆம் திகதி கதவு பாதி திறந்தது, அனுமதிச் சீட்டோடு வெளியே போய்வரலாம் என்று. காசால்தான் திறந்தது என்று சத்தியம் பண்ண மாட்டோம். தேர்தல் வந்துகொண்டிருந்தது, வேறு அழுத்தங்களும் இருந்தன. ஆனால் கம்பிவேலிக்கும் ஒரு செலவு இருக்கிறது, அதை ஆரோ ஒருவர் கட்டுகிறார், அவர் கட்டாமல் விடவும் முடியும் என்று அந்த இருவருக்கும் அப்போதே விளங்கியிருந்தது. எங்களுக்குச் சொல்லவில்லை. கப்பலில் ஆர் பொருளாதாரம் கதைத்தது?

ரொறன்ரோவின் பழைய ஆட்களுக்குத் தடுப்பு என்றால் செலிபிரிற்றி இன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஹோட்டல். தொண்ணூறுகளில் வந்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது இன்றைக்கும் ஒரு நையாண்டிச் சிரிப்பு வரும். கனடா வந்து இறங்கியதும் 'பிரபலங்களின் விடுதி'! அதற்கும் முந்தியவர்கள் இருக்கிறார்கள். 1986 ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர். கஸ் டால்ரன் என்ற மீன்பிடிக் கப்பல் கப்டன் கண்டு ஏற்றி வந்தவர். அவர்களைச் சிறையில் போடவில்லை, சென் ஜோன்சில் மெமோரியல் பல்கலைக்கழக விடுதியில் தங்க வைத்தார்கள், அமைச்சரின் அனுமதிப் பத்திரம் கொடுத்து வேலை செய்ய விட்டார்கள். அவர்கள் முதலில் சொன்ன கதை பொய் என்று, ஜேர்மனியில் இருந்து கப்பல் ஏறியது வெளியான பிறகும் திருப்பி அனுப்பவில்லை. 24 வருடம் கழித்து அதே நாட்டுக்கு அதே சனம் வந்தது. இடையில் மாறியது எங்கள் முகமா, அவர்கள் கட்டி வைத்திருந்த கட்டில்களின் எண்ணிக்கையா?

இந்த இடத்தில் குசினிக்காரரின் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு நாற்பது கிலோ கோழி வாங்கி வைத்தால், ஆட்கள் வந்தாலும் வராவிட்டாலும் அதை விற்றே ஆக வேண்டும். முதலாளி வாசலில் புதுப் பலகை எழுதி வைப்பார், பகல் சாப்பாட்டோடு இனாமாக ஒரு துண்டு கோழி என்பார். வாங்கி வைத்த சாமான் ஆளைத் தேடும். சிறைக் கட்டிலும் அப்படித்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இடம் இருந்தால் அதிகாரியின் கை பூட்டுக்குப் போகும். இல்லாவிட்டால், இவனை வாரத்துக்கு ஒருக்கால் வந்து கையெழுத்து வைக்கச் சொன்னால் போதாதா என்று யோசிக்கும்.

ஒட்டாவாவும் இந்தக் கணக்குத் தெரிந்ததுதான். மாகாணங்கள் கதவைச் சாத்தியதும் அது வேறு இடத்தில் கட்டில் தேடியது. 2024 ஏப்ரல் 16 வரவுசெலவுத் திட்டத்தில் எல்லைச் சேவைகள் முகவரகத்தின் தடுப்பு நிலையங்களைத் திருத்த ஐந்து வருடத்துக்கு 325 மில்லியன் டொலர். 2016இலும் இதே மாதிரி 138 மில்லியன் என்று அறிவித்தார்கள். அப்போது அதை மனிதாபிமானம் என்று சொன்னார்கள், புதுக் கட்டடம் வெளிச்சமாக இருக்கும் என்று. இந்த முறை காசோடு இன்னொன்றும் வந்தது. வரவுசெலவுத் திட்டத்தை நடைமுறைப்படுத்தும் சி-69 சட்டமூலத்துக்குள், சமஷ்டிச் சிறையின் ஒரு பகுதியைக் 'குடிவரவு நிலையம்' என்று பெயரிட்டு அங்கே ஆட்களை வைக்கலாம் என்ற திருத்தம் ஒன்று. சமஷ்டிச் சிறை என்பது இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர்கள் இருக்கிற இடம். மன்னிப்புச் சபையும் வழக்கறிஞர்களும் அந்தப் பகுதியை எடுத்துவிடும்படி கேட்டார்கள். பல நூறு பக்கச் சட்டமூலம், உள்ளே வரி, வீடு எல்லாம். யூன் 20ஆம் திகதி அரச அங்கீகாரம் கிடைத்தது. 

தெற்கே இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. 2021இல் இலினோய் மாநிலம், தன் உள்ளூர்ச் சிறைகள் குடிவரவுத் தடுப்புக்கு இடம் வாடகைக்குக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே போட்டது. 2025 யூலை 4ஆம் திகதி வொஷிங்ரனில் கையெழுத்தான சட்டம் தடுப்பு நிலையங்களுக்கு 45 பில்லியன் டொலர் ஒதுக்கியது. மாநிலம் பத்துக் கட்டிலைப் பறித்தால் மத்தி நூறு கட்டில் வாங்கும். அதற்காக அந்தப் பத்தைப் பறித்தது வீண் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்தப் பத்தில் ஒன்றில் படுக்க இருந்தவனை எங்களுக்குத் தெரியும்.

அவனைத் தம்பி என்றே எழுதுகிறோம். கிளிநொச்சிப் பக்கம். விசிற்றர் விசாவில் வந்து அகதிக் கோரிக்கை வைத்தவன். எங்கள் குசினியில் கோப்பை கழுவினான். கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் ஒரு பேஸ்மென்றில் இருந்து இன்னொரு பேஸ்மென்றுக்கு மாறினான், முகவரி மாறியதை அறிவிக்கவில்லை. கடிதம் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறது. 2024 கடைசிக் குளிருக்குள் அவனைப் பிடித்தார்கள். தப்பி ஓடக் கூடும் என்பது காரணம். ஓடுவதா? பஸ்ஸில் இறங்குமிடம் தெரியாமல் எங்களுக்குத் தொலைபேசி எடுக்கிறவன்.

ஒரு வருடம் முந்திப் பிடிபட்டிருந்தால் மாகாணச் சிறைக்கும் அனுப்பியிருக்கலாம். அவன் தடுப்பு நிலையத்தில்தான் இருந்தான். அதுவும் பூட்டிய இடம்தான், ஆனால் கொலைக் குற்றவாளியோடு அறை பகிரவில்லை. போய்ப் பார்த்தோம். முதல் கேள்வி, "அண்ணை, எத்தினை நாளைக்கு?" அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்திருக்கிறான், நாங்கள் இருந்து வந்தவர்கள் என்று.

லோயர் சொன்னார், பிணை வைக்க ஆள் வேண்டும். அந்தஸ்து உள்ள ஆள், கையில் காசு, அவனைத் தன் வீட்டில் வைத்திருக்கச் சம்மதம். ஏழாம் நாள் மீளாய்வுக்குள் கிடைத்தால் விடுவதற்கு இடமிருக்கிறது.

நாங்கள் ஐந்து பேர். நான்கு பேருக்கு நிரந்தர வதிவிடம், அதில் இருவருக்குக் குடியுரிமை.

ஒருவன் மனைவியைக் கேட்க வேண்டும் என்றான். ஒருவன் வீட்டுக் கடன் விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றான், அது உண்மை. மற்றவன், "அவன் ஓடினால் ஆர் கட்டுறது? பேந்து எங்கட பெயரையும் தோண்டுவாங்கள்" என்றான். அதைச் சொன்னவனும் கேட்டிருந்தவர்களும் ஒரே நேரத்தில் ஒரு பழைய குரலைக் கேட்டோம். 2011இல் சிறைத் தொலைபேசியில் இருந்து ஸ்காபுறோவில் இருக்கும் ஒரு மாமன் முறையானவரிடம் பிணைக்குக் கேட்டபோது அவர் சொன்னது: "தம்பி, கோவிக்காதே. கப்பல் கேஸ். எங்களையும் தோண்டுவாங்கள்." அந்த மனிசனை நாங்கள் பதினான்கு வருடமாக ஒரு கலியாண வீட்டிலும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

ஏழாம் நாள் மீளாய்வுக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. முப்பது நாளுக்குத் தொடர்ந்து தடுப்பு என்று முடிவானது. அதற்குப் பிறகுதான், மா குழைக்கிறவன், ஐந்து பேரிலும் குறைந்த சம்பளம் எடுக்கிறவன், வங்கியில் இருந்து காசை எடுத்துக்கொண்டு லோயரிடம் போனான். எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போகவில்லை. லோயர் மீளாய்வை முன்கூட்டி வைக்கக் கேட்டார். 22ஆம் நாள் தம்பி வெளியே வந்தான். ஏழுக்கும் இருபத்திரண்டுக்கும் இடையில் பதினைந்து நாள். அந்தப் பதினைந்து நாளுக்கும் கட்டிலுக்குக் காசு கட்டியது அரசாங்கம். கட்ட வைத்தது நாங்கள். இந்தக் கட்டுரையில் ஒட்டாவாவைப் பற்றி எழுதியதெல்லாம் சரிதான், இதையும் எழுதாமல் விட்டால் அவை சரியாக நிற்காது போலத் தோன்றியது.

இப்போது அவன் திரும்பவும் கோப்பை கழுவுகிறான். வழக்கு இன்னொரு கட்டத்தில் நிற்கிறது. விடுதலையின் நிபந்தனைகளில் ஒன்று, குரல் மூலம் அறிக்கையிடுவது. 2018இல் இருந்து தடுப்புக்கு மாற்றாக இப்படி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். குறித்த நாளில் தொலைபேசி எடுத்து இயந்திரத்தோடு கதைக்க வேண்டும். முதலே பதிந்து வைத்த குரலோடு அது ஒப்பிட்டுப் பார்க்கும். கட்டிலோடு பார்த்தால் மிக மலிவு.

ஆனால் எங்கள் குசினி இரைச்சல். புகைபோக்கி விசிறி, கோப்பை கழுவும் இயந்திரம், கொத்துப் போடுகிற தகடு. முதல் தடவை இயந்திரம் அவன் குரலை ஏற்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. வெளியே போய்க் கதைத்தால் குளிரில் குரல் நடுங்குகிறது. அவன் திரும்பி வந்து ஈரக் கையோடு எங்களைப் பார்த்தபடி நின்றான், முகம் வெளிறிப் போயிருந்தது.

அன்றிலிருந்து அந்த நாளில், பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம் குறைந்ததும், ஒருவன் விசிறியை நிற்பாட்டுவான். ஒருவன் கோப்பை இயந்திரத்தை அணைப்பான். கொத்துப் போடுகிறவன் இரண்டு தகட்டையும் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். முன்னுக்கு இருந்து முதலாளி, "என்ன, கரண்ட் போட்டுதோ?" என்று கேட்பார். ஒருவரும் பதில் சொல்ல மாட்டோம். தம்பி அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்து நின்று, தொலைபேசிக்குள் தன் பெயரைச் சொல்லுவான்.